நெஞ்செரிச்சலைக் கேட்காமல் இரைப்பையை வெட்டாதீர்கள்

தமிழ்நாட்டில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவருக்கு, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து எடையைக் குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆலோசனைக்குத் துணையாக என்னையும் அழைத்துப் போனார். வெகு நேரம் பேசினார்கள். எத்தனை கிலோ குறையும், சர்க்கரை மாத்திரை எப்போது நிற்கும், எப்போது வேலைக்குத் திரும்பலாம், தவணையில் பணம் கட்ட என்ன வசதி என்று எல்லாம் பேச்சில் வந்தது. அவர் தினமும் காலையில் வெறும் வயிற்றில் பான் 40 என்ற அமில மாத்திரை போடுகிறவர். இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் புளித்த நீர் தொண்டை வரை ஏறும் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். "எடை குறைஞ்சா அதெல்லாம் தானா சரியாயிடும் மேடம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடுத்த பேச்சு அறை வாடகைக்குப் போய்விட்டது.

இதே வரியை என்னிடமும் சொன்னார்கள். ஊர் வேறு, மருத்துவமனை வேறு, ஆண்டும் வேறு. வரி மட்டும் மாறவில்லை. அந்த ஒரு வரியால் என் இரவுகள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியும். இன்னொருவருக்கும் அதே நடக்கப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். எந்த மருத்துவமனையின் பெயரும் எந்த மருத்துவரின் பெயரும் இதில் இல்லை. ஒரு இடத்தில் நடந்த தவறு என்றால் அந்த இடத்திலேயே புகார் கொடுத்திருப்பேன். இது வழக்கமாகிவிட்டது என்பதுதான் என் கவலை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஆபரேஷன்களுக்கு எதிரானவள் இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ உடல்பருமனோ கொண்டவர்கள். இத்தனை பேரையும் "வாயைக் கட்டு" என்ற ஒரே சொல்லால் ஊரும் உறவும் குத்திக்கொண்டிருக்கும்போது, இது நோய், இதற்குச் சிகிச்சை உண்டு என்று சொன்னவர்கள் நீங்கள். எனக்கும் ஸ்லீவால் எடை குறைந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது. மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏற முடிந்தது. இதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் கூடவே வந்ததையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் எல்லோருக்கும் கொடுப்பதுபோல எனக்கும் அமில மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. நிறுத்தியதும் ஆரம்பித்தது. நடு இரவில் இருமலோடு விழிப்பு வரும். தொண்டையிலும் மூக்கின் உள்ளேயும் அமிலம் எரியும். எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடியே விடியும் வரை இருப்பேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம். ராத்திரிச் சாப்பாட்டைச் சாயங்காலத்துக்கே கொண்டுவந்தேன். வாசலில் குனிந்து கோலம் போட முடியாது, குனிந்த மறுகணம் வாய் புளித்துவிடும். வீடு கூட்டுவதும் அப்படித்தான், கோவிலில் விழுந்து கும்பிடுவதும் அப்படித்தான்.

குரலும் போனது. ஆசிரியைக்குக் குரல் போனால் என்ன மிச்சம்? கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் "மிஸ், கேக்கலை" என்பார்கள். இருமலுக்கு ஒருவர் ஆஸ்துமா என்று இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். நெஞ்சு எரிச்சலை மாரடைப்போ என்று பயந்து ராத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்க ஓடியிருக்கிறோம். காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளை அமிலத்தால் வீங்கியிருக்கிறது என்றார். ஸ்லீவ் செய்த இடத்துக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் எடை பார்த்தார்கள், "சூப்பர் ரிசல்ட்" என்றார்கள். எரிச்சலைச் சொன்னால் காரத்தைக் குறை, டீயைக் குறை என்றார்கள், மாத்திரையைக் காலையோடு இரவுக்கும் சேர்த்து எழுதினார்கள். எடை குறைந்துவிட்டால் மீதி எல்லாம் சில்லறைத் தொந்தரவு என்பதுபோல.

இரண்டாவது ஆலோசனைக்குப் போக என் கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். அதில்தான், ஸ்லீவுக்கு முன் எனக்கு எடுத்த எண்டோஸ்கோபியின் அறிக்கையை முதன்முதலாகப் பார்த்தேன். சிறிய ஹையாட்டஸ் ஹெர்னியா. உணவுக்குழாயின் அடியில் எல்.ஏ. கிரேடு பி (புண்ணின் கடுமையைக் குறிக்கும் அளவுகோல்) அளவில் அரிப்பு. இரைப்பையின் மேல்நுனி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் நுழைந்திருக்கிறது, அமிலம் ஏற்கெனவே மேலே வந்து உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கிறது என்று அர்த்தம். அதே கோப்பில் சில தாள்கள் தள்ளி ஸ்லீவுக்கு நான் போட்ட ஒப்புதல் கையெழுத்து இருந்தது. அந்த அறிக்கைக்கும் அந்தக் கையெழுத்துக்கும் நடுவில் என்னோடு ஒரு பேச்சு நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டு விளக்கினார். இதை முதல் இடத்திலேயே யாராவது செய்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. இதைப் படிக்கும் நோயாளிகளுக்காக, எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

இரைப்பையின் மேல் இடப்பக்கம் குவிந்திருக்கும் பகுதிக்கு ஃபண்டஸ் என்று பெயர். சாப்பாடு இறங்கும்போது அந்தப் பகுதி தளர்ந்து இடம் கொடுக்கும். அதனால் வயிறு நிறைந்தாலும் உள்ளே அழுத்தம் பெரிதாக ஏறாது. ஸ்லீவில் அந்த ஃபண்டஸோடு சேர்த்து இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம்போல ஒடுங்கிய குழாய். அது தளராது, கொஞ்சம் சாப்பிட்டாலே உள்ளே அழுத்தம் ஏறும். குழாயின் அடிப்பக்கமோ இயல்பான வால்வு, அது தன் வேகத்துக்குத்தான் திறக்கும். அழுத்தம் போக எளிதான வழி மேல்பக்கம்தான். அங்கே காவல் இருக்க வேண்டிய உணவுக்குழாய் வால்வுக்குத் துணையாக இருந்த தசை நார்களும், இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடத்தில் இருந்த கூர்மையான கோணமும் வெட்டிலும் தையலிலும் கலைந்துபோகலாம். முன்பே ஹெர்னியா இருந்து அதைச் சரியாகத் தைக்காமல் விட்டால், அந்தக் குழாயே மெல்ல நெஞ்சுக்குள் ஏறவும் கூடும்.

இதைவிட எனக்கு வலித்தது அடுத்து அவர் சொன்னது. சாதாரணமாக அமிலம் மேலேறும் நோய் முற்றினால் ஃபண்டஸை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைத்து வால்வைப் பலப்படுத்தும் ஓர் ஆபரேஷன் இருக்கிறது. அது நல்ல ஆபரேஷன், பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு அதை வழக்கம்போலச் செய்ய முடியாது, ஏனென்றால் சுற்றுவதற்கான துணியையே வெட்டி வெளியே எடுத்துப் போட்டாயிற்று. எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்கவும் முடியாது. மாத்திரைக்கு அடங்காவிட்டால் மிச்சமிருக்கும் முக்கிய வழி, இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸாக மாற்றுவது. அதாவது இன்னொரு மயக்க மருந்து, ஏற்கெனவே தையல் போட்ட இடத்தில் இன்னொரு வெட்டு, இன்னொரு செலவு. நான் அந்த வழியில்தான் போனேன். பைபாஸுக்குப் பிறகு படுத்துத் தூங்குகிறேன்.

இதெல்லாம் ஒருத்தியின் அனுபவம், இதை வைத்துப் பொதுவாகச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். சரியான கேள்விதான். உங்கள் துறையே நடத்திய ஆய்வுகளைப் பார்ப்போம்.

சுவிட்சர்லாந்தில் 4 மையங்களில் 217 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஸ்லீவும் இன்னொன்றுக்கு, குடலில் இரண்டு இணைப்பு போடும் வழக்கமான வகையான ரூ-என்-ஒய் பைபாஸும் செய்தார்கள். எஸ்.எம்.-பாஸ் என்று பெயர். 5 ஆண்டு முடிவுகள் 2018இல் வந்தன. ஆபரேஷனுக்கு முன்பே அமிலத் தொந்தரவு இருந்தவர்களில், பைபாஸ் பிரிவில் 60.4 விழுக்காட்டினருக்கு அது நீங்கியது. ஸ்லீவ் பிரிவில் நீங்கியது 25 விழுக்காட்டினருக்குத்தான். தொந்தரவு அதிகமானது ஸ்லீவில் 31.8 விழுக்காடு, பைபாஸில் 6.3. பின்லாந்தில் 240 பேரை வைத்து நடந்த ஸ்லீவ்பாஸ் ஆய்வின் 10 ஆண்டு முடிவுகள் 2022இல் வெளிவந்தன. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் அழற்சி காணப்பட்டது ஸ்லீவ் செய்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கு, பைபாஸ் செய்தவர்களில் 7 விழுக்காட்டினருக்கு. அமில மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஸ்லீவில் 64 விழுக்காடு, பைபாஸில் 36.

உணவுக்குழாயின் உள்தோல் மாறி, பிற்காலத்தில் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடிய பேரட்ஸ் என்ற நிலை, அதே ஸ்லீவ்பாஸ் ஆய்வில் இரண்டு பிரிவிலும் 4 விழுக்காடுதான். முன்பு சில இடங்களிலிருந்து வந்த பயமுறுத்தும் கணக்குகளை விட இது குறைவு. ஆகவே ஸ்லீவ் செய்தவர்கள் எல்லோரும் புற்றுநோயை நினைத்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்தி ஒரு ஆபரேஷனை விட்டு இன்னொன்றுக்குத் துரத்துவது என் எண்ணமில்லை.

இப்போது அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். "எடை குறைஞ்சா தானா சரியாயிடும்." இது முழுப் பொய்யும் இல்லை. வயிற்றுக் கொழுப்பு இரைப்பையை அழுத்துவதால் அமிலம் ஏறுகிறது, கொழுப்பு குறைந்தால் அழுத்தமும் குறையும். உணவாலும் நடையாலும் எடை குறைத்தவர்களுக்கு இது நடப்பதை நாமே பார்த்திருக்கிறோம். பைபாஸில் இன்னொரு நன்மையும் சேர்கிறது. உணவுக்குழாயோடு இணைந்திருக்கும் சிறிய பையில் அமிலம் சுரப்பது மிகக் குறைவு, பித்தநீரும் கீழே வெகுதூரம் தள்ளித்தான் வந்து சேருகிறது. ஸ்லீவில் மட்டும் ஒரு பக்கம் கொழுப்பின் அழுத்தம் குறையும்போது மறுபக்கம் குழாயின் அழுத்தம் ஏறுகிறது. எது வெல்லும் என்பதை ஒருவருக்கு முன்கூட்டி உறுதியாகச் சொல்ல உங்களாலும் முடியாது. சுவிஸ் கணக்குப்படி நாலில் ஒருவருக்குச் சரியாகலாம். அந்த நாலில் ஒன்றை எல்லோருக்கும் கொடுக்கும் உறுதிமொழியாக மாற்றுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இன்னொரு விஷயம், இது நம் ஊருக்கே உரியது. இங்கே கேஸ் மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. சர்க்கரைக்கு என்ன, பிரஷருக்கு என்ன என்று கேட்டால் சீட்டை எடுத்துக் காட்டுவோம். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் அட்டையாக வாங்கிப் போடும் பான் 40ஐயும், கைப்பையில் கிடக்கும் ஜெலுசிலையும் சொல்ல மாட்டோம். ஆகவே "வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். கேள்வியைக் குறிப்பாகக் கேட்டால்தான் உண்மை வெளிவரும். வாரத்தில் எத்தனை நாள் கேஸ் மாத்திரை போடுகிறீர்கள்? எத்தனை வருஷமாக? படுத்தால் புளித்த நீர் வருகிறதா? தலையணை எத்தனை? இருமல் எந்த நேரத்தில்?

அந்த மாத்திரைக்கும் எண்டோஸ்கோபிக்கும் உள்ள உறவு உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். தினமும் மாத்திரை போடுகிறவருக்கு அதை நிறுத்தாமல் எண்டோஸ்கோபி எடுத்தால், புண் ஆறிப்போய் உணவுக்குழாய் சுத்தமாகத் தெரியலாம். அமெரிக்க இரைப்பைக் குடலியல் மருத்துவர்களின் அமைப்பு 2022இல் தந்த வழிகாட்டுதலில், நோயைக் கண்டறிவதற்கான எண்டோஸ்கோபிக்கு முன் இந்த மாத்திரைகளை 2 முதல் 4 வாரம் நிறுத்துவது நல்லது என்று சொல்லியிருக்கிறது. என் சக ஆசிரியையிடம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முந்தின நாள் காலையில்கூடப் போட்டுக்கொண்டுதான் போனார். "நார்மல்" என்று வந்தது. அந்த நார்மலை நம்பித்தான் தேதி குறித்திருக்கிறார்கள்.

பைபாஸ் எல்லோருக்கும் நல்லது என்று நான் சொல்லவில்லை. நானே அதோடு வாழ்கிறேன். இரும்பு, கால்சியம், பி12 என்று ஆயுள் முழுக்க மாத்திரை எடுக்க வேண்டும், ரத்தப் பரிசோதனையை விட முடியாது. இனிப்பைக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வந்து தள்ளாட வைத்துவிடும். குடல் இணைப்பில் புண் வரலாம், அதனால் சாதாரண வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது, புகைக்கக் கூடாது. குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து பல ஆண்டு கழித்தும் உண்டு. மூட்டுவாதத்துக்குத் தொடர்ந்து வலி மருந்து தேவைப்படுகிறவருக்கு, முன்பே பல வயிற்று ஆபரேஷன் ஆகிக் குடல் ஒட்டிக்கிடப்பவருக்கு, லேசான நெஞ்செரிச்சல் இருந்தாலும் ஸ்லீவே பொருத்தமாக இருக்கலாம். அதை முடிவு செய்யும் அறிவு உங்களிடம் இருக்கிறது. அந்த அறிவு எங்கள் முன்னால் ஏன் பேசப்படுவதில்லை? "குடலைத் தொடாத சிம்பிள் ஆபரேஷன்" என்று விளம்பரத்தில் போடுவது மட்டும்தான் எங்களுக்கு வந்து சேருகிறது.

பைபாஸ் என்ற பெயரில் இரண்டு ஆபரேஷன் இருப்பதையும் பலரிடம் சொல்வதில்லை. மினி பைபாஸ் என்று நம் ஊரில் நிறைய செய்கிறார்கள். அதில் குடலில் ஓர் இணைப்புதான். செய்ய நேரம் குறைவு, எடையும் நன்றாகக் குறைகிறது. ஆனால் பித்தநீர் இரைப்பைப் பையும் குடலும் சேரும் இடத்தைத் தாண்டியே போவதால், சிலருக்கு அது உணவுக்குழாய்க்கு ஏறும் வாய்ப்பு இருக்கிறது. அமிலத்தொல்லைக்காகப் பைபாஸைத் தேர்ந்தெடுக்கிறவருக்கு ரூ-என்-ஒய்க்கும் மினிக்கும் உள்ள இந்த வேறுபாடு முக்கியம்.

ஒப்புதல் என்பதற்குச் சட்டமும் ஒன்றைச் சொல்கிறது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், நோயாளியின் ஒப்புதல் உண்மையான ஒப்புதலாக இருக்க வேண்டுமானால் சிகிச்சை என்ன, அதற்கு மாற்று உண்டா, கணிசமான ஆபத்துகள் என்ன, சிகிச்சையை மறுத்தால் என்ன ஆகும் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும் என்றது. எங்கோ அபூர்வமாக வரும் ஆபத்தையெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஏற்கெனவே அமிலத் தொந்தரவு இருக்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மோசமாகும் ஒன்று அபூர்வமா? நான் கையெழுத்துப் போட்ட படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் ரத்தக்கசிவு இருந்தது, தையல் கசிவு இருந்தது, மரணம்கூட இருந்தது. அமிலம் மேலேறும் என்பது இல்லை. பைபாஸ் என்ற மாற்று இருப்பதும் இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகான கண்காணிப்பையும் சொல்ல வேண்டும். உலக உடல்பருமன் அறுவை சிகிச்சைக் கூட்டமைப்பான இஃப்சோ, ஸ்லீவும் மினி பைபாஸும் செய்தவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து ஓராண்டு ஆனதும் ஒருமுறையும் அப்புறம் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறையும் எண்டோஸ்கோபி எடுக்கப் பரிந்துரைக்கிறது. எரிச்சல் இருந்தால் மட்டும் எடு என்று சொல்லவில்லை. ஏனென்றால் எரிச்சலே தெரியாமல் உள்ளே புண் இருப்பவர்களும் உண்டு. என் டிஸ்சார்ஜ் சம்மரியில் புரோட்டீன் பவுடரின் பெயர் இருந்தது, மல்டிவிட்டமின் இருந்தது. எண்டோஸ்கோபி பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

பணம் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். ஸ்லீவைப் பைபாஸாக மாற்ற நான் கேட்டபோது இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி, உடல்பருமன் ஆபரேஷனுக்குப் பணம் தர வேண்டுமானால் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் குறியீடு) 40க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அல்லது 35க்குக் குறையாமல் இருந்து, உடல்பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், மருந்துக்கு அடங்காத சர்க்கரை ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் அமில நோய் இல்லை. என் எடையோ முதல் ஆபரேஷனால் குறைந்துவிட்டது. எடை குறைந்ததால் பி.எம்.ஐ. போதாது, ஆகவே பணம் கிடையாது என்றார்கள். நான் எடை குறைக்கப் போகவில்லை, உணவுக்குழாயைக் காப்பாற்றப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். எடுபடவில்லை. நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்துத்தான் கட்டினோம். முதல் தேர்வு தவறிப்போனால் இரண்டாவதற்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வியை முதல் ஆலோசனையிலேயே சொல்லிவிடுவது நியாயமில்லையா?

இனி என் கோரிக்கைகள்.

ஸ்லீவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அமிலத் தொந்தரவைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டு, கேஸ் மாத்திரைக் கணக்கோடு எழுதி வையுங்கள். கவுன்சலிங் செய்யும் ஊழியரிடம் இதை விட்டுவிடாதீர்கள். கத்தியைப் பிடிக்கும் மருத்துவரே கேட்க வேண்டும்.

எண்டோஸ்கோபி எடுக்காமல் தேதி குறிக்காதீர்கள். மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுங்கள். தொந்தரவு இருந்தும் எண்டோஸ்கோபி சுத்தமாக வந்தால், அதோடு நிறுத்தாமல் 24 மணி நேர அமில அளவீடும் உணவுக்குழாய் அழுத்தச் சோதனையும் தேவையா என்று பாருங்கள். உங்களிடம் அந்த வசதி இல்லையென்றால் இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். அறிக்கையின் நகலை, கேட்காமலே, கையெழுத்துக்கு முன்பே நோயாளியின் கையில் கொடுங்கள். ஹெர்னியா இருக்கிறதா, அரிப்பு எந்த அளவில் இருக்கிறது, பேரட்ஸ் இருக்கிறதா என்பதைத் தமிழில் சொல்லுங்கள். கடுமையான அரிப்போ பேரட்ஸோ இருப்பவருக்கு ஸ்லீவைச் சிபாரிசு செய்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் பதியுங்கள்.

உங்கள் துறையின் அமைப்பான இந்திய உடல்பருமன் மற்றும் வளர்சிதைமாற்ற அறுவை சிகிச்சைச் சங்கத்திடம் கேட்பது இது. தமிழில் ஒரு ஒப்புதல் படிவம் வேண்டும். ஸ்லீவ், ரூ-என்-ஒய், மினி பைபாஸ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அமிலம், பித்தநீர், சத்துக்குறைவு, மறு ஆபரேஷன் வாய்ப்பு என்று ஒவ்வொன்றும் அதில் வர வேண்டும். ஸ்லீவுக்குப் பிறகு வழக்கமான வால்வு ஆபரேஷன் சாத்தியமில்லை என்ற வரி கட்டாயம் வேண்டும். படிவத்தைக் கொடுத்த அன்றே கையெழுத்து வாங்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, வேண்டுமானால் இன்னொரு மருத்துவரிடம் காட்டிவிட்டு வர அவகாசம் கொடுக்க வேண்டும்.

ஸ்லீவ் ஏற்கெனவே செய்துகொண்டவர்களை உங்கள் பதிவேட்டிலிருந்து எடுத்து, கடைசி எண்டோஸ்கோபி எப்போது என்று பாருங்கள். எடுக்காதவர்களைக் கூப்பிடுங்கள். எடை நன்றாகக் குறைந்து, ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் நின்றுவிட்டவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, காப்பீட்டு ஆணையத்திடம் எங்களுக்காக நீங்கள் பேச வேண்டும். தனி நோயாளி எழுதினால் கோப்புக்குப் போகிறது. உங்கள் சங்கம் எழுதினால் பதில் வரும். எண்டோஸ்கோபியில் நிரூபணமான அமில நோய்க்காக ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவதை எடைக் குறைப்பு ஆபரேஷன் என்ற தலைப்பிலிருந்து விலக்கி, பி.எம்.ஐ. நிபந்தனை இல்லாமல் அனுமதிக்கக் கேளுங்கள். கேட்டு அனுப்பிய கடிதத்தைப் பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை